உப்புவெளியில் இரவு ட்யூட்டி, லூசியானாவில் பேஸ்போல்

அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்போலைத் திருகோணமலையில் இருந்துகொண்டு ரசிக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். விதிகளைப் பிறகு படிக்கலாம். அங்கே முதல் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 அணிகள் ஆடுகின்றன. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. ஓர் அணி, அதன் மைதானம், அந்த மைதானம் இருக்கும் ஊர், இந்த மூன்றும் பழகிவிட்டால் ஆட்டம் தானாகப் பிடிபடும். மெக்கெய்சர் மைதானத்தில் பள்ளிக்கூட ஆட்டம் நடக்கும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு பக்கம் சேர்ந்து நின்றுதானே கத்துகிறோம். நடுநிலையாக நின்று ரசித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பிடித்துக்கொண்டது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம். எல்.எஸ்.யு. என்பார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். என் பெரிய மாமா திருகோணமலை புனித ஜோசப் கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் அங்கேயும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் இருந்த அமெரிக்க ஜேசு சபைக் குருமார், லூசியானாவில் உள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெயரிலான சபை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். மட்டக்களப்பு வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பெயரெடுத்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் லூசியானாக்காரர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வழியில் காணாமல் போனார். "எங்களுக்குக் கூடைப்பந்தைத் தந்தவங்கள், பேஸ்போலை மட்டும் தங்கட ஊரிலயே விட்டிட்டு வந்திட்டாங்கள்" என்று மாமா குறைப்படுவார். சரி, விட்டுவிட்டு வந்ததை நான் போய் எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு எங்காவது இருக்கும். ஹூஸ்டனில் அக்கா இருந்தால் ரைஸ் பல்கலைக்கழகம், ஒஸ்டினில் நண்பன் இருந்தால் டெக்சாஸ், ராலே பக்கம் சொந்தக்காரர் இருந்தால் வட கரோலைனா. ஒருவருமே இல்லையென்றால் உடுப்பின் நிறத்தைப் பார்த்தாவது ஒன்றை எடுங்கள். எடுத்த பிறகு மாற்றாதீர்கள்.

அடுத்தது நேரம். எனக்கு உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் இரவு வேலை, அதனால் இது வசதி. உங்களுக்கு எப்படியோ தெரியாது, ஆனால் கணக்கு இதுதான். பருவம் பெப்ரவரி நடுவில் தொடங்கும். மார்ச் நடுவில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு லூசியானா, டெக்சாஸ், நெப்ராஸ்கா பக்கத்து நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் பத்தரை மணி வித்தியாசம். அங்கே வெள்ளி மாலை ஆறரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே சனி விடியற்காலை 5 மணிக்கு. அங்கே ஞாயிறு பகல் 1 மணி என்றால் இங்கே ஞாயிறு இரவு பதினொன்றரை. கடிகாரம் மாற முன்னர் இதோடு ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒளிபரப்பு உரிமை எல்லா நாட்டுக்கும் கிடைப்பதில்லை. அதற்காகத் திருட்டு லிங்குகளைத் தேடி போனைக் கெடுக்க வேண்டாம். பல அணிகளின் வானொலி வர்ணனை அணியின் சொந்தத் தளத்திலேயே இலவசமாகப் போகிறது. பந்துக்குப் பந்து எண்கள் மாறும் நேரடி ஸ்கோர் பக்கமும் இருக்கும். டேட்டா அதிகம் தின்னாது. காலையில் சுருக்கக் காட்சிகளை யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் வானொலிதான் நல்லது. வர்ணனையாளர் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மைதானத்துக்கு வெளியே யார் இறைச்சி சுடுகிறார்கள் என்பது வரை சொல்லுவார். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு பிளேன்டீயோடு உட்கார்ந்தால் பொழுது விடிவது தெரியாது.

இனி ஆட்டம். எங்கள் விடுதிக் காவலாளி அண்ணை ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எல்லே தானே? தடிதான் வேற" என்றார். கிரிக்கெட்டிலிருந்து இதை விளங்கப்படுத்தப் போனால் அரைமணி நேரம் போகும். எங்கள் நாட்டு எல்லே விளையாட்டிலிருந்து தொடங்கினால் ஐந்து நிமிடம் போதும். அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும், இடையில் நின்று மூச்சுவிடத் தரிப்புகள் இருக்கின்றன, சுற்றி முடித்து வந்தால் ஓட்டம். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். பேஸ்போலில் அப்படி எறிய முடியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட வேண்டும், அல்லது அவர் ஓடியே ஆகவேண்டிய தரிப்புக்கு அவருக்கு முன் பந்து போய்ச் சேர வேண்டும்.

ஆனால் அண்ணை சொன்னது அவர் நினைத்ததைவிடச் சரி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையில் நடந்த முதல் பேஸ்போல் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில், அம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் வில்லியம்ஸ் கல்லூரிக்கும் இடையில் நடந்தது. ஆடியது இன்றைய விதியில் இல்லை, மசசூசெட்ஸ் விதியில். பக்கத்துக்கு 13 பேர், தரிப்புகளில் நட்ட கம்புகள், ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். அம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அன்று எங்கள் ஊர் எல்லே அணி ஒன்று அங்கே போயிருந்தால் ஒருகை பார்த்திருக்கும். இரண்டு கல்லூரிகளும் அதோடு சதுரங்கத்திலும் மோதின, அதிலும் அம்ஹர்ஸ்டே வென்றது.

இன்றைய விதிகளில் முதலில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று அவுட். அடிப்பவருக்கு மூன்று ஸ்ட்ரைக் (வீசித் தவறவிட்ட பந்து, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து) ஆனால் போச்சு. நாலு கெட்ட பந்து வந்தால் முதல் தரிப்புக்கு இலவசமாக நடக்கலாம். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் இடையில்தான் முழு நாடகமும் இருக்கிறது. ஸ்ட்ரைக் இரண்டு, கெட்ட பந்து ஒன்றுமில்லை என்றால் பந்து எறிபவர் ராஜா. வெளியே வளைந்து போகும் பந்தைக் காட்டி ஆசை மூட்டுவார். கெட்ட பந்து மூன்று, ஸ்ட்ரைக் ஒன்று என்றால் அடிப்பவர் ராஜா. நேரான பந்து வந்தே ஆகவேண்டும், அவருக்கும் அது தெரியும். திரையின் மூலையில் இருக்கும் இந்த எண்களைப் பார்க்கப் பழகுங்கள். எறிகிற தூரம் 18.4 மீற்றர்தான், கிரிக்கெட் ஆடுகளத்தைவிடக் குறைவு, பந்து நிலத்தில் குத்துவதும் இல்லை. 2023இல் எல்.எஸ்.யு.வுக்கு எறிந்த போல் ஸ்கீன்ஸ் மணிக்கு 160 கிலோமீற்றரைத் தொட்டவர். இவர் முதலில் அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் இருந்து பிறகு மாறி வந்தவர். சீனக்குடாவில் விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி வைத்திருக்கும் ஊர்க்காரனாக எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் பழக்கம் ஒன்று: ஒரு சீஆர் கொப்பி வாங்கி, ஆட்டத்தை எழுதிக்கொண்டு கேளுங்கள். ஆடுகளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. எறிபவர் 1, பின்னால் பிடிப்பவர் 2, முதல் தரிப்பு 3, இரண்டாம் தரிப்பு 4, மூன்றாம் தரிப்பு 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷோர்ட்ஸ்டொப் நிலத்தில் உருண்ட பந்தை எடுத்து இரண்டாம் தரிப்புக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் தரிப்புக்குப் போய் இரண்டு பேரும் அவுட் ஆனால், கொப்பியில் 6-4-3 என்று எழுதினால் போதும். ஸ்ட்ரைக்கில் போனவருக்கு ஆங்கில எழுத்து கே. மட்டையை அசைக்காமலே பார்த்துக்கொண்டு நின்று போனவருக்கு அதே கே-யைத் திருப்பிப் போட வேண்டும். இதை எழுதத் தொடங்கிய பிறகு வானொலியில் கேட்பது கண்ணுக்குத் தெரியும். விளம்பரம் ஓடும் நேரத்தில் முந்தைய பக்கத்தைப் பார்த்து, இவர் போன தடவை எப்படி அவுட் ஆனார், அதே பந்தைத் திரும்பப் போடுவார்களா என்று யோசிக்கலாம். எனக்கு ஆட்டத்தில் பாதி ருசி அதில்தான். இரவு வேலைக்காரருக்கு நித்திரை வராது என்பது மேலதிக நன்மை.

அணிகள் வாரத்தில் எப்போது ஆடுகின்றன என்பதையும் மனதில் வையுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம். நடுவே செவ்வாயோ புதனோ பக்கத்து ஊர் அணியோடு ஓர் ஆட்டம். வழக்கமாக அணியின் மிகச் சிறந்த எறிபவர் வெள்ளிக்கிழமை எறிவார், இரண்டாமவர் சனி. ஞாயிறு யார் என்பதில்தான் பயிற்றுநருக்குத் தலையிடி. நேரம் குறைவென்றால் வெள்ளி ஆட்டத்தையும் ஞாயிறு ஆட்டத்தையும் கேளுங்கள். வெள்ளி அழகாக இருக்கும், ஞாயிறு கலவரமாக இருக்கும். எனக்கு ஞாயிறுதான் பிடிக்கும்.

மட்டை அலுமினியம் போன்ற உலோகம் என்பதும் தொழில்முறை ஆட்டத்திலிருந்து பெரிய வித்தியாசம். அங்கே மரம் மட்டுமே. பல்கலைக்கழகங்கள் 1974 முதல் உலோக மட்டையை அனுமதித்தன. உடையாது, செலவு மிச்சம். ஆனால் பந்து பறக்கத் தொடங்கியது. 1998 இறுதி ஆட்டத்தில் தென் கலிபோர்னியா 21, அரிசோனா ஸ்டேட் 14. 2011இல் மட்டையின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. அதே வருடம், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் நடக்கும் தேசிய சம்பியன்ஷிப் அங்கேயே பெரிய புதிய மைதானத்துக்கு மாறியது. இரண்டும் சேர்ந்து ஆட்டத்தைப் படுக்க வைத்துவிட்டன: 2014இல் ஒமாஹாவில் நடந்த முழுத் தொடருக்கும் சேர்த்து மூன்றே மூன்று ஹோம் ரன் (வெளிச்சுவரைத் தாண்டும் அடி). பிறகு 2015இல் பந்தின் தையலைத் தட்டையாக்கினார்கள், காற்றின் தடை குறைந்து பந்து மறுபடி தூரம் போனது. பழைய ஆட்டங்களை யூடியூப்பில் பார்க்கும்போது வருடத்தைப் பார்த்துக்கொண்டு பாருங்கள். 1998க்கும் 2013க்கும் இடையில் ஆட்டமே வேறு. அந்த உலோக மட்டையின் 'டிங்' சத்தத்தைப் பழமைவாதிகள் திட்டுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ஆட்டம் இல்லை.

மைதானங்களுக்கு வருவோம். கிரிக்கெட்டில் எல்லைக்கோடு எங்கே என்று மட்டும் பார்ப்போம். இங்கே வெளிச்சுவரின் தூரமும் உயரமும் மைதானத்துக்கு மைதானம் மாறும், அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எல்.எஸ்.யு.வின் மைதானம் அலெக்ஸ் பொக்ஸ் ஸ்டேடியம். அலெக்ஸ் பொக்ஸ் அந்தப் பல்கலைக்கழக விளையாட்டு வீரர், இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவில் கொல்லப்பட்டவர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதே போரில் செத்த ஓர் இளைஞனின் பெயரில் மைதானம் என்றால் அந்நியமாக இருக்காது. இப்போதுள்ள கட்டடம் 2009இல் திறந்தது. வெளிக்களத்துக்குப் பின்னால் பெரிய பலகையில் வென்ற வருடங்கள் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பலகைக்கு 'இன்டிமிடேட்டர்' என்று பெயர், வருகிற அணியைப் பயப்படுத்தத்தான். 1991, 1993, 1996, 1997, 2000 ஆகிய ஐந்தும் ஸ்கிப் பேர்ட்மன் என்ற பயிற்றுநர் காலத்தவை. பிறகு 2009, 2023, 2025.

மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டூடி நோபிள் மைதானம் ஸ்டார்க்வில் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. இடது வெளிக்களச் சுவருக்குப் பின்னால் பழைய ட்ரக்குகளை நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கும் வழக்கம் 1960களில் மாணவர்களால் தொடங்கியது. இப்போது அந்த இடத்தை நிரந்தரமாகவே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழக வளாக மைதானத்துக்குள் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுவது அங்கே நடக்கிற காரியம். அவ்வளவு கூட்டத்தை வைத்துக்கொண்டும் அந்தப் பல்கலைக்கழகம் தேசியப் பட்டம் வெல்ல 2021 வரை காத்திருந்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒஸ்டினில் முன்பு ஆடிய கிளார்க் மைதானத்தை இனிப் பார்க்க முடியாது. அதன் நடு வெளிக்களத்துக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் பாறை ஒன்று நின்றது. ஆள் உயரத்துக்கும் மேல். பந்து பாறைக்கு மேலே போனால் அதுவும் ஆட்டத்துக்குள்தான், களத்தடுப்பாளர் ஆட்டுப்பாதையில் ஏறித்தான் எடுக்க வேண்டும். கோணேசர் மலையடியில் கிரிக்கெட் ஆடிப் பந்தைத் தொலைத்த பையன்களுக்கு இந்த மைதானம் கட்டாயம் பிடித்திருக்கும்.

சம்பியன்ஷிப்பின் வரலாறு சுருக்கமாக: 1947இல் மிச்சிகனின் கலமசூவில் தொடங்கியது. முதல் இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் யேல் பல்கலைக்கழகத்தை வென்றது. யேல் அணியில் முதல் தரிப்பில் நின்றவர் ஜோர்ஜ் எச்.டபிள்யூ. புஷ், பின்னாளில் ஜனாதிபதியானவர். 1950 முதல் நெப்ராஸ்காவின் ஒமாஹாதான் வீடு. அறுபது வருடம் ரோசன்பிளாட் மைதானத்தில் நடந்தது. அதை இடித்து இடத்தை அடுத்திருந்த மிருகக்காட்சிசாலை எடுத்துக்கொண்டாலும், ஹோம் பிளேட் (அடிப்பவர் நிற்கும் இடம்) இருந்த மூலையை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 2020இல் கொரோனாவால் நடக்கவே இல்லை. அதிகப் பட்டம் தென் கலிபோர்னியாவுக்கு, 12.

மே கடைசியில்தான் உண்மையான கூத்து தொடங்கும். நிலாவெளி, உப்புவெளியில் வெளிநாட்டவர் நிறையும் மாதங்களும் அவையே, அதனால் எனக்கு வேலையும் ஆட்டமும் ஒன்றாக வந்து நெரிக்கும். தேசியப் பட்டத்துக்காக 64 அணிகள், நாலு நாலாக 16 ஊர்களில். ஒரு தோல்வியை மன்னிப்பார்கள், இரண்டாவது தோல்வியோடு வீட்டுக்கு. கேட்க எளிது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி மேலே போக வேண்டுமென்றால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் நாலு ஆட்டத்தைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். நாலு ஆட்டத்துக்கு எறிபவர் எங்கே? வெள்ளி எறிந்தவரின் கை ஞாயிறு எழும்பாது. எனவே யார் எத்தனை பந்து எறிந்தார் என்பதைக் கொப்பியில் ஓரமாகக் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை ஆட்டத்தில் யார் விழப்போகிறார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். இப்படி வென்ற 16 அணிகள் இரண்டிரண்டாக மூன்று ஆட்டத் தொடர் ஆடி, எட்டு அணிகள் ஒமாஹா போகும். அங்கே மறுபடி அதே இரு தோல்வி விதி, கடைசியில் மூன்று ஆட்ட இறுதி. தரவரிசையில் நாலாவதாகத் தன் குழுவுக்குள் நுழைந்த ஃபிரெஸ்னோ ஸ்டேட் 2008இல் பட்டத்தையே தூக்கிக்கொண்டு போனது. அதனால் ஜூன் வரைக்கும் யாரையும் எழுதித் தள்ள வேண்டாம்.

பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் தெரிவு இரண்டு. ஒன்று 1996 இறுதி. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், எல்.எஸ்.யு. மயாமியைவிட ஓர் ஓட்டம் பின்னால். கை எலும்பு முறிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்த வொரன் மொரிஸ் வருகிறார். அந்த வருடம் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர், முதல் பந்தையே வலது பக்கச் சுவருக்கு மேலால் அனுப்பி 9-8 என்று முடித்தார். இதைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்: 2023 ஜூன், ஒமாஹா, எல்.எஸ்.யு. எதிர் வேக் ஃபொரஸ்ட். அங்கே வியாழன் இரவு, இங்கே வெள்ளி விடியற்காலை. ஸ்கீன்ஸ் ஒரு பக்கம், ரெட் லவுடர் மறுபக்கம், பத்து இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பதினோராவதில் டொமி வைட் அடித்த ஹோம் ரன்னோடு 2-0. அதற்குப் பிறகு வந்த இறுதித் தொடரில் புளோரிடாவிடம் இரண்டாவது ஆட்டத்தில் 24-4 என்று அடிவாங்கி, அடுத்த நாளே 18-4 என்று திருப்பி அடித்துப் பட்டம் எடுத்தார்கள். அந்த 24-4 அன்று அண்ணை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கேற்றடிக்குப் போய்விட்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வீரர்கள் இப்போது வருடத்துக்கு வருடம் பல்கலைக்கழகம் மாறுகிறார்கள், நல்லவர்களை மூன்றாம் வருடத்தோடு தொழில்முறை அணிகள் கொண்டுபோய்விடும். 2023இல் ஸ்கீன்ஸ் முதலாவதாகவும் அதே அணியின் டிலன் குரூஸ் இரண்டாவதாகவும் தெரிவாகிப் போனார்கள். ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டால் மனம் நோகும். மைதானத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொன்னது அதற்காகத்தான்.

சொந்தக்காரரைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் போனால் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வாருங்கள். செவ்வாய் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவாக இருக்கும், இடம் சுலபமாகக் கிடைக்கும். முதல் தடவை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்கள், பந்து வளைவது அங்கிருந்துதான் தெரியும். நாலைந்து இன்னிங்ஸ் கழித்து எழும்பி, எறிபவர்கள் கை சூடாக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்த வேகம் காதில் கேட்கும். பை கொண்டுபோவதென்றால் பல மைதானங்களில் உள்ளே தெரிகிற கண்ணாடிப் பைதான் விடுவார்கள். கோட்டுக்கு வெளியே போகும் பந்துகள் தலைக்கு மேல் வரும், போனைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழும்பி நிற்பார்கள், நீங்களும் எழும்புங்கள். தோல்விக்கும் வெற்றிக்கும் பத்து ஓட்ட வித்தியாசம் வந்தால் சில இடங்களில் ஏழு இன்னிங்ஸோடு முடித்துவிடுவார்கள், ஆகவே சாப்பாடு வாங்குவதென்றால் ஐந்தாவதுக்குள் வாங்கிவிடுங்கள்.